உலகம் அழிந்தபின் தலையாட்டிய மாப்பிள்ளை

உலகம் அழிந்த மறுவாரம், திங்கட்கிழமையன்று, கார்வன்தோல் நகராட்சி அலுவலகம் வழக்கம்போல் ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று அறிவிக்கப்பட்டு, வழக்கம்போல் பத்தரைக்குத் திறந்தது. வானம் கிழிந்து சாம்பல் கொட்டியது, சூரியன் காணாமல் போனது, டான்யூப் ஆறு வந்த வழியே திரும்பி ஓடியது ஆகிய மூன்றும் 'தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்கள்' என்ற தலைப்பில் வாசல் பலகையில் ஒட்டப்பட்டிருந்தன. பொதுமக்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

வரிசையில் ராலித்ஸா நின்றாள். இருள் அரசியை ரொட்டிக் கட்டையால் மண்டையில் அடித்து வீழ்த்தி, மிச்சமிருந்த உலகத்தைக் காப்பாற்றிய பெண் அவள்தான். பக்கத்தில் நின்றவன் கோரான். அவன் ஸ்மேய் இனம். பார்க்க மனிதன், முதுகில் கரிய இறக்கை, வாயைத் திறந்தால் நெருப்பு. அந்த மலைநாட்டில் ஸ்மேய்கள் கன்னிப் பெண்களைப் பார்த்து மயங்குவது காலங்காலமாக நடப்பதுதான். இவன் முந்நூறு வருஷம் பாதாளத்தில் அடைபட்டுக் கிடந்து, ராலித்ஸாவுக்காகச் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்தவன். முதல் பாகம் சாம்பல் மழையில் முத்தத்தோடு முடிந்தது. இரண்டாம் பாகம் இந்த வரிசையில் தொடங்கியது.

இவர்கள் காதல் கதை பரவியதிலிருந்து ஊர் இளசுகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையன்கள் குடைத்துணியைக் கிழித்து இறக்கை கட்டிக்கொண்டு, கண்ணுக்கடியில் கரி பூசிக்கொண்டு, சுவருக்குச் சுவர் சாய்ந்து பெருமூச்சு விட்டார்கள். சொந்த வீடு, பேக்கரியில் வேலை என்று வந்த நல்ல வரன்களைப் பெண்கள் 'அவருக்குள்ள இருளே இல்ல' என்று தட்டிக்கழித்தார்கள்.

ராலித்ஸாவுக்குப் பெருமூச்சு விடவும் நேரமில்லை. மனித இனம் சாராதவர்கள் இன்று சூரியன் மறைவதற்குள் ஒரு குடும்பத்தில் சட்டப்படி சேராவிட்டால், வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று உத்தரவு. சூரியனே இல்லையே என்று கேட்டவர்களுக்காக, சூரியன் இல்லாத காலத்தில் மாலை ஐந்து மணியே அஸ்தமனம் எனக் கொள்ளப்படும் என்று விளக்கமும் வந்திருந்தது. ஐந்து மணிக்குப் பிறகு கோரான் மறுபடி பாதாளத்துக்குப் போய்விடுவான். அவன் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அம்மா தோப்ரிங்கா ஒரு தட்டு நிறைய பானித்ஸா சுட்டு எடுத்து வந்திருந்தாள். பாலாடைக்கட்டி வைத்த அப்பம் இல்லாமல் அந்த ஊரில் எந்த அலுவலகத்துக்கும் யாரும் போவதில்லை.

"இறக்கை எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. வேலை ஏதாச்சும் இருக்கா?"

கோரான் யார்மேலும் நெருப்புப் படாமல் இருக்க வானத்தைப் பார்த்துப் பேசினான். "நான் இருளின் புதல்வன், அம்மா. எனக்கு விடியல் என்பதே கிடையாது."

"நல்லதாப் போச்சு. விடிஞ்சாத்தானே வேலைக்குப் போகணும்." மகளின் காதோரம் குனிந்தாள். "ஏண்டி, சம்மதமான்னு கேட்ட உடனே அவன் காலை நீ முதல்ல மிதிச்சிடு. யாரு முதல்ல மிதிக்கிறாங்களோ, வீட்டுல அவங்க ராஜ்ஜியம். உங்க அப்பா காலை நான் மிதிச்சது இன்னும் வீங்கியிருக்கு."

பதிவாளர் பெங்கா அம்மையார் முதலில் கோரானின் வாயை மூடச் சொன்னார். அலுவலகத்துக்குள் நெருப்புக் கூடாது. சம்மதத்தைத் தலையசைத்துத் தெரிவித்தால் போதும் என்று பெரிய மனது பண்ணினார்.

"ராலித்ஸாவை மணக்கச் சம்மதமா?"

கோரானுக்குக் கண் கலங்கியது. நெஞ்சில் தாடை இடிக்க, மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினான். கூடத்தில் 'அடப்பாவி' என்று ஒரு குரல் எழுந்தது. ராலித்ஸாவுக்கு மிதிக்கவேண்டிய காலே மறந்துபோனது.

"மாப்பிள்ளை மறுக்கிறார்," என்று பெங்கா எழுதிக்கொண்டார். "அடுத்தது யாரு?"

"ஐயோ மேடம், அது ஆமா!"

"இதோ பாரும்மா, பக்கவாட்டுல ஆட்டினா ஆமா. மேலும் கீழும் ஆட்டினா இல்ல. நம்ம ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அவருக்குத் தெரியாது மேடம். பாதாளத்துக்கு மேல ஒரு சுற்றுலா விடுதி. அங்க ஓடற டிவியப் பாத்துத்தான் மனுஷங்க பழக்கத்தக் கத்துக்கிட்டார். எல்லாம் வெளிநாட்டுப் படம்."

"இப்ப எல்லாப் பசங்களும் அப்படித்தான் ஆட்டறானுங்க. ஃபேஷனாம்! உள்ள போய்ப் பெரியவரப் பாருங்க."

பெரியவர் என்பது தலைமை அதிகாரி ஸ்தோய்மென். தலைக்கு மேல் வேலை இருந்தும், பானித்ஸாத் தட்டைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார்.

"தம்பி, நேராவே கேக்கறேன். கல்யாணம் வேண்டாங்கறீங்களா?"

கோரான் பதறிப்போய், இல்லவே இல்லை என்று பக்கவாட்டில் படபடவென்று ஆட்டினான்.

"பாத்தியாம்மா? ஆமாங்கறார். அதுவும் எவ்வளவு வேகமா!"

ராலித்ஸா அவனை இழுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினாள். "பக்கவாட்டுன்னா ஆமா. மேல கீழன்னா இல்ல. எங்க, ஆட்டு. இன்னொரு தடவை." டிவியில் கற்ற பழக்கம் லேசில் போவதாயில்லை. அவனும் விடாமல் பழகினான். அவன் ஆட்டிய ஆட்டில் தலைமுடிச் சாம்பலெல்லாம் உதிர்ந்து, ஆள் கொஞ்சம் இளமையாகக்கூடத் தெரிந்தான்.

இதற்குள் பானித்ஸாவால் மனமிளகிய ஸ்தோய்மென் ஒரு சிறப்பு உத்தரவு பிறப்பித்திருந்தார். மேற்படி மனுதாரர் அந்நிய மரபில் வளர்ந்தவராகையால், அவரைப் பொறுத்தமட்டில் மேலும் கீழும் அசைப்பது சம்மதமாகவும், பக்கவாட்டில் அசைப்பது மறுப்பாகவும் கருதப்படும்.

"சம்மதமா தம்பி?"

கோரான் பெருமை பொங்கப் பக்கவாட்டில் ஆட்டினான்.

"மறுபடியும் மறுத்துட்டார்," என்றார் ஸ்தோய்மென், உண்மையான வருத்தத்தோடு.

"சார்! இப்பத்தான் நம்ம முறைய நான் சொல்லிக்குடுத்தேன்!"

"நாங்க அவர் முறைக்கு மாறிட்டமேம்மா. உனக்காகத்தானே மாறினோம்?"

"அப்ப பழையபடி மாத்துங்க."

"மாத்தினா எல்லாருக்கும் சேர்த்துத்தான் மாத்தணும். சட்டம்னா பொது." சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது. சிப்பந்திகள் பக்கம் திரும்பினார். "ஆமா, இத்தனை வருஷமா கூட்டத்துல நான் எது சொன்னாலும் நீங்கள்லாம் தலைய ஆட்டினீங்களே, அது எந்த முறை?"

சிப்பந்திகள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

உடனே 'தலையசைவு நிர்ணய ஆணையம்' ஸ்தோய்மென் தலைமையில் வெளிக்கூடத்திலேயே அமைக்கப்பட்டது; அவர் மேசையும் பானித்ஸாத் தட்டோடு அங்கே வந்து சேர்ந்தது. ஆணையத்தின் அறிக்கை வரும்வரை எவரும் எத்திசையிலும் தலையை அசைக்கலாகாது என்று தடை வந்தது. வரிசை அப்படியே விறைத்து நின்றது. இறக்கை கட்டிய பையன்கள் சட்டைக் காலருக்குள் அட்டை செருகிக்கொண்டார்கள். சற்று நேரத்தில் அதுவும் ஃபேஷனாகி, காலரில் அட்டை இல்லாதவனைப் பெண்கள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பத் தடை என்பது வேறு விஷயம்.

மணி ஐந்தை நெருங்கியது. ராலித்ஸாவுக்கு அழுகை முட்டியது. இருள் அரசியிடம்கூட அவள் இப்படித் தோற்கவில்லை. இருள் அரசி குறைந்தபட்சம் நேராக அடித்தாள்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன்," என்றார் பெங்கா கழுத்தை அசைக்காமல். "கேக்கறதுக்குத் தடை இல்ல. பதில் சொல்றதுக்குத்தான் தடை. கோரான், இந்தப் பொண்ண மணக்கச் சம்மதமா?"

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? ராலித்ஸா காலைத் தூக்கி, பூட்ஸ் குதிகாலால் அவன் பாதத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

வலியில் கோரானின் வாய் திறந்தது. திறந்த வாய்க்குள் முந்நூறு வருஷத் தவிப்பும் காத்துக் கிடந்தது.

"தா!"

அவர்கள் மொழியில் 'தா' என்றால் 'ஆமாம்'. நம் ஊர் அலுவலகங்களில் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் 'தா'வுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவனுடைய 'தா'வோடு வந்த நெருப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது. அலுவலகத்தில் முதல் தடவையாக ஒருவர் தெளிவாகப் பதில் சொல்லிவிட்ட அதிர்ச்சியில் பெங்கா முத்திரையைக் குத்திவிட்டார்.

நெருப்பு சாம்பல் மேகத்தையும் துளைத்திருந்தது. கூரை ஓட்டை வழியாக, கொஞ்சம் கூச்சத்தோடு, சூரியன் எட்டிப் பார்த்தது. ஜனம் ஆர்ப்பரித்தது. ராலித்ஸா கோரானைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

ஸ்தோய்மென் கையை நெற்றியில் வைத்துச் சூரியனைப் பரிசீலித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சூரியன் உதித்துவிட்டபடியால், உலகம் அழியவில்லை என்று கருதப்படும். அழிவுக் காலத்து உத்தரவுகள், பதிவுகள் யாவும் இத்துடன் ரத்து."

"சார், இப்பத்தானே முத்திரை குத்தினாங்க?"

"அது உலகம் அழிஞ்சிருந்தப்பம்மா."

"அப்ப பாதாளத்துக்குத் திருப்பி அனுப்பற உத்தரவு?"

"அதுவும் ரத்து. கவலைப்படாத. ஆனா பழைய சட்டப்படி ஸ்மேய்னு ஒரு இனமே இல்ல. இல்லாதவருக்கு நாங்க எப்படிக் கல்யாணம் பண்ணி வைக்க முடியும்?" கூட்டத்தைப் பார்த்தார். "இதுல யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

ராலித்ஸாவும் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாரும் அவள் காப்பாற்றிய ஜனம். அவள் காதலைக் கேட்டுக் கண்ணீர் விட்டு, அதற்காக இறக்கை கட்டிக்கொண்ட ஜனம். தடை நீங்கிய மகிழ்ச்சியில் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். பாதிப் பேர் பக்கவாட்டில், பாதிப் பேர் மேலும் கீழும். ஒவ்வொருவரும் தான் ராலித்ஸாவின் பக்கம் நின்றதாகத்தான் இன்றுவரை சத்தியம் பண்ணுகிறார்கள்.

'ஆட்சேபம் இல்லை' என்று ஸ்தோய்மென் எழுதிக்கொண்டார்.

"எழுதறவங்க எழுதட்டும்," என்று தோப்ரிங்கா அவர் மேசையிலிருந்த பானித்ஸாத் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "மிதிச்சது மிதிச்சதுதான். வாங்க மாப்ள, ஆறிடும்."

கூரை ஓட்டை வழியாகவே மூன்று பேரும் பறந்து போனார்கள். இல்லாத ஒருவனோடு ராலித்ஸா மலைமேல் நன்றாகத்தான் குடும்பம் நடத்துகிறாள். வீட்டில் அவள் ராஜ்ஜியம். இல்லாதவன் நொண்டிக்கொண்டே அடுப்புப் பற்றவைக்கிறான்.

இதை நான் யாரிடம் சொன்னாலும், 'என்ன அநியாயம்' என்று தலையை ஆட்டுகிறார்கள். இதோ, நீங்களும் ஆட்டுகிறீர்கள். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. பரவாயில்லை, எழுதிக்கொள்கிறேன்: ஆட்சேபம் இல்லை.