உடைந்த மூக்குக்கு ஓர் அனுபவஸ்தர்

உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க வருகிறவர்களில் பல ரகம் உண்டு. பழம் வாங்கி வந்து, பேச்சுவாக்கில் தானே உரித்துத் தின்றுவிட்டுப் போகிறவர் ஒரு ரகம். வாசற்படியிலேயே நின்றுகொண்டு, ஒட்டுவாரொட்டியா என்று விசாரிக்கிறவர் இன்னொரு ரகம். இவர்களால் பெரிய தீங்கில்லை. நான் சொல்ல வந்தது அனுபவஸ்தரைப் பற்றி. நோயாளிக்கு வந்த அதே கோளாறு என்றோ தனக்கும் வந்து, அதிலிருந்து உயிரோடு மீண்டுவிட்ட ஒரே தகுதியை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க வைத்தியம் பார்க்கிறாரே, அவர். டாக்டராக வருஷக்கணக்கில் படிக்க வேண்டும். அனுபவஸ்தர் ஆக ஒரு தடவை வழுக்கி விழுந்தால் போதும்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வந்ததும் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். எப்படி அடிபட்டது என்று நோயாளி சொல்லத் தொடங்குவதற்குள் கையை உயர்த்தி, "தெரியும், தெரியும். எனக்கும் இப்படித்தான்" என்பார். அதோடு நோயாளியின் கதை முடிந்தது. அவருடைய கதை தொடங்கிவிடும். படுத்திருக்கிறவனால் எழுந்து ஓட முடியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதானே வருகிறார்.

என் மைத்துனனுக்கு மூக்கு உடைந்தபோது வந்தவர், அடுத்த தெருவில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். மைத்துனன் பீரோ விற்கிற கடையில் வேலை பார்க்கிறான். மாடிப்படியில் பின்னோக்கி நடந்தபடி ஒரு பீரோவை இறக்கிக்கொண்டிருந்தபோது, கயிறு கட்டாமல் விட்ட கதவு தானாகத் திறந்து அவன் முகத்தில் அறைந்தது. பீரோவுக்குக் கீறல்கூட இல்லை. மைத்துனனின் மூக்கு மட்டும் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தம் கட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "துணியில ஐஸைச் சுத்தி ஒத்தி எடுங்க. தலையை உயர்த்தி வச்சுப் படுங்க. மூக்கைச் சிந்தக் கூடாது, அழுத்தக் கூடாது. மூக்குக்குள்ள வீங்கி அடைச்சாலோ, தண்ணி மாதிரி ஒழுகினாலோ உடனே வந்துடணும். மத்தபடி வீக்கம் வடிய நாலஞ்சு நாள் ஆகும், அப்ப வாங்க, நிமிர்த்தி வச்சுடலாம். ரெண்டு வாரத்தைத் தாண்டிப் போச்சுன்னா எலும்பு கோணலாவே ஒட்டிக்கும். அப்புறம் ஒரு பக்கத்து மூச்சை மறந்துட வேண்டியதுதான், இல்லன்னா பெரிய ஆபரேஷன்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியுமா? ஆனால் டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அனுபவஸ்தர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

கடிகாரக்காரரின் மூக்கை நான் கொஞ்சம் விவரித்தாக வேண்டும். புருவ மத்தியிலிருந்து நேராகத்தான் புறப்படுகிறது. பாதி வழியில் எதையோ மறந்துவிட்டு வந்தது போலச் சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பிவிட்டோமே என்று நுனியில் கொஞ்சம் நேராக முயன்று, முடியாமல் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு துவாரம் விசாலம், மற்றது பேருக்கு. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை வாயால் மூச்சு வாங்கிக்கொண்டுதான் அவரால் பேச முடியும். அப்படியும் பேச்சைக் குறைத்துக்கொண்டவர் இல்லை.

"எனக்கும் இப்படித்தான் மாப்ள" என்று தொடங்கினார். "பந்து வந்து நேரா மூக்கில. நான் எந்த டாக்டரையும் பாக்கல. சுடுதண்ணி ஒத்தடம், ரெண்டு கட்டைவிரல், அவ்வளவுதான். நானே பிடிச்சு நானே நிமித்தினேன்." இங்கே ஒரு மூச்சு வாங்கினார். முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இப்ப பாருங்க. இது உடைஞ்ச மூக்குன்னு யாராவது சொல்ல முடியுமா?"

அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். மைத்துனன் கூரையைப் பார்த்தான். அவன் மனைவி தலையணையைச் சரிசெய்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். என் மாமியார்தான் வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக் கூடாது என்று, "தெரியவே இல்லையே தம்பி" என்றார்.

அனுபவஸ்தர்கள் எங்கே உற்பத்தியாகிறார்கள் என்று யாராவது உங்களைக் கேட்டால், இந்த இடத்தைக் காட்டுங்கள். பந்து பட்டதால் அவர் வைத்தியர் ஆகவில்லை. பந்து பட்ட நாளிலிருந்து வீடு வீடாக அந்த மூக்கைக் காட்டி, வீடு வீடாகத் தெரியவே இல்லை என்ற சான்றிதழை வாங்கி வாங்கித்தான் ஆனார்.

அன்று சாயங்காலமே ஐஸ் போயிற்று; வெந்நீர் வந்தது. "ஐஸ் வச்சா ரத்தம் உறைஞ்சு அங்கேயே தங்கிடும்மா" என்று அவர் சொன்னதை மாமியார் நம்பினார். ஒத்தடம் கொடுக்கக் கொடுக்க மூக்கு உருளைக்கிழங்காகி, கண்ணிமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசியில் நின்றிருந்த ரத்தமும் மறுபடி ஒழுகியது. மாமியார் பதறிப்போய் ஆளனுப்பினார். அனுபவஸ்தர் வந்து பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார்.

"வீங்கட்டும். உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய வருது."

கவனித்தீர்களா? வீங்கினால் கெட்டது வெளியே வருகிறது. வடிந்தால் அவர் சொன்னது பலித்துவிட்டது. வலித்தால் எலும்பு சேர்கிறது, வலிக்காவிட்டால் சேர்ந்துவிட்டது. எது நடந்தாலும் தோற்காத வைத்தியம் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

வீக்கம் எப்படியோ வடிந்து, டாக்டரம்மா வரச் சொன்ன நாளும் வந்தது. அதற்கு முந்தின நாளே கடிகாரக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். "நிமித்தறதுன்னா என்னன்னு தெரியுமா மாப்ள? மறுபடி உடைப்பாங்க. ஒரு தடவை உடைஞ்சது பத்தாதா?" மூன்று ஆள் தூக்குகிற பீரோவைத் தனியாக முதுகில் ஏற்றுகிற என் மைத்துனன், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். அடுத்த நாள் அவனுக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் மாமியாருக்கு மனசு சரியில்லை. இப்படியே தள்ளிப்போயிற்று. மைத்துனன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நடுவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தான்.

"டாக்டரம்மா சொன்ன கெடு முடியப்போகுது அத்தை" என்றாள் அவன் மனைவி.

"அந்தத் தம்பி பட்டவர்மா. பட்டவருக்குத் தெரியாதா?" என்றார் மாமியார்.

"பட்டது தெரியுது அத்தை. ஆறினதுதான் தெரியல."

மாமியாருக்கு அது புரியவில்லை. புரிந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

காரியத்தை முடித்துவைத்தவர் கடிகாரக்காரரேதான். இந்த இனத்துக்கு எதிரி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கெடுவின் கடைசியில், ஒரு காலையில், இனி ஆஸ்பத்திரிப் பேச்சே எழக் கூடாது என்று முடிவு செய்தவராக, சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மைத்துனனின் தோளில் கைபோட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, கண்ணாடியை எதிரே நீட்டிப் பிடித்தார்.

"நீயே பாரு. வீக்கம் சுத்தமா போச்சு. இனிமே என்ன டாக்டர்?" ஒரு மூச்சு வாங்கினார். பூரிப்போடு சொன்னார்: "அப்படியே என் மூக்கு மாதிரி வந்துடுச்சு பாரு."

கண்ணாடிக்குள் இரண்டு மூக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன. நாங்கள் அத்தனை பேரும் வருஷக்கணக்காகக் காப்பாற்றி வந்த மரியாதை கண்ணாடிக்குத் தெரியவில்லை.

மைத்துனன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்து வைத்துவிட்டு எழுந்தான்.

"மச்சான், வண்டிய எடுங்க."

எனக்கு முன்னால் வாசலுக்குப் போனவர் என் மாமியார். பையை எப்போது எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இத்தனை நாள் என்ன பண்ணினீங்க?" நாங்கள் மாமியாரைப் பார்த்தோம்; மாமியார் தன் பையைப் பார்த்தார். "ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. முழுசா வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோனார். மயக்க மருந்து கொடுத்து நிமிர்த்த, நினைத்ததைவிட நேரமாயிற்று. அதுவரை மாமியார் பையைக் கீழே வைக்கவில்லை. மைத்துனன் மூக்கின் மேல் மாவுக்கட்டோடும் துவாரங்களில் பஞ்சோடும் வெளியே வந்தான். கட்டு நனையக் கூடாது, பஞ்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இம்முறை மாமியார் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்.

இதோடு அனுபவஸ்தர் ஒதுங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு இந்த இனம் பழக்கமில்லை. மறுநாளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கட்டைக் கொஞ்சம் தளர்த்தி விடணும். காத்துப் பட்டாத்தான் ஆறும்" என்று விரலை நீட்டினார்.

மைத்துனன் மனைவி நடுவில் வந்து நின்றாள். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். கடிகாரம் நின்னுபோச்சுன்னா வீட்டிலேயே திறந்து பாக்கலாமா?"

"தொடவே கூடாதும்மா." அவர் பதறிப்போனார். "இப்படித்தான் திறந்து பாத்துட்டு, கெடுத்துட்டுக் கொண்டாந்து குடுக்கிறாங்க. பல்சக்கரமெல்லாம் பாத்துப் பாத்து வச்சிருக்கும். அதுக்குன்னு கத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்ல, எங்ககிட்டத்தானே வரணும்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அவள். நகரவில்லை.

அவருக்கு எதுவும் புரியவில்லை. தூசி படக் கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு கடிகாரத்தைத் திறக்கிற கைதான் அது. அடுத்தவன் மூக்கு என்றால் அதே கைக்கு அப்படி ஓர் அலட்சியம்.

கட்டு அவிழ்த்தபோது மூக்கு நேராக இருந்தது. நடுவில் ஒரு சின்ன மேடு மட்டும் தங்கிவிட்டது. வெந்நீர் ஒத்தடத்தின் நினைவாக என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் மூச்சு வருகிறது. கடிகாரக்காரர் வந்து, முன்னும் பின்னும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "நல்லா வந்திருக்கு. ஆரம்பத்தில நான் ஒத்தடம் குடுக்கச் சொன்னதுதான். இல்லன்னா டாக்டரால என்ன பண்ணியிருக்க முடியும்?"

"ஆமா தம்பி" என்றார் மாமியார். மரியாதை என்பது அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போகிற வியாதியா?

போன வாரம் எதிர் வீட்டுத் தையல்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து மூக்கில் அடிபட்டுக்கொண்டார். பார்த்துவிட்டு வரலாம் என்று மாமியாரையும் மைத்துனனையும் கூட்டிப் போனேன். போனதுமே மைத்துனன் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்தான். "எனக்கும் இப்படித்தான்" என்றான். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, அந்த மேட்டைக் காட்டி, ஏதாவது தெரிகிறதா என்று கேட்டான். தையல்காரரின் மனைவி வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக் கூடாது என்று என்ன சொன்னாள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

உங்களிடமும் யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்கள். சாயம் பூசிய தலைமுடியையோ, மொட்டைமாடியில் நீங்களே பூசிய சிமெண்டையோ, நீங்கள் பிள்ளை வளர்த்த அழகையோ பார்த்துத் தெரியவே இல்லை என்றிருப்பார்கள். அன்றிலிருந்து அதில் நீங்கள் நாலு பேருக்கு யோசனை சொல்லிக்கொண்டும் இருப்பீர்கள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பாருங்கள். ஆனால் தனியாகப் பார்க்காதீர்கள். தனியாகப் பார்த்தால் எல்லா மூக்கும் நேர்தான். நீங்கள் யாருக்கு யோசனை சொன்னீர்களோ, அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பாருங்கள்.