தண்ணீர் லாரிக்கு நான் சொன்ன நிபந்தனைகள்

சிட்லபாக்கம்,
மே 2004.

அன்புள்ள மைத்துனன் பிரேமுக்கு,

உன் அக்கா புருஷன் சுப்ரமணியன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். பெங்களூரில் குழாயைத் திறந்தால் தண்ணீரே வருகிறதாமே. இங்கே உயிரோடு இருக்கிறோம். போன் செய்தால் மீட்டிங் என்கிறாய், அதனால் கடிதம்.

நம் தெரு சங்கத்துக்கு நீ செய்துகொடுத்த வெப்சைட்டால் என் மானம் கப்பலேறிவிட்டது. எல்லா வீட்டுக்காரர்களும் படிவத்தை நிரப்பினார்கள், வாஸ்தவம். யார் வீட்டுக்கு லாரித் தண்ணீர் என்று கம்ப்யூட்டர் சலித்தெடுக்க நிபந்தனை கேட்டாய். செயலாளர் என்ற முறையில் ஹாலில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்து, யோசித்துச் சொன்னேன்: கிணறு வற்றியிருக்க வேண்டும், போர்வெல் இருக்கக் கூடாது, வயதானவர் இருக்க வேண்டும், பிரசவத்துக்கு வந்த பெண் இருக்க வேண்டும். "ஏதாவது ஒண்ணு இருந்தா போதுமா, எல்லாமே இருக்கணுமா மாமா?" என்றாய். கண்டிப்பு வேண்டாமா, எல்லாமே என்றேன். படித்தவன், நீ தடுத்திருக்க வேண்டாமா? திங்கட்கிழமை லாரி வந்தது. குடமும் கையுமாகத் தெருவே நிற்கிறது. டிரைவர் பொன்னுரங்கம், "லிஸ்ட்டுல உங்க வூடு மட்டும்தான் கீது சார், நான் இன்னா பண்றது?" என்று நம் சம்ப்புத் தொட்டிக்குள் குழாயை விட்டுவிட்டான். எதிர்வீட்டுக் கனகவல்லியம்மா, "ஏன் சார், இந்தத் தெருவுல உங்க வீட்டுக்கு மட்டும்தான் தாகம் எடுக்குமா?" என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சுப்பா. அன்றே பிரவுசிங் சென்டருக்கு ஓடி, மானஸ்தனாக நம் வீட்டை மட்டும் எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை பட்டியலில் ஒரு வீடும் இல்லை. பொன்னுரங்கம் தளும்பத் தளும்ப லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அத்தனை பேரும் பார்த்தது லாரியை இல்லை, என்னை. இப்போது தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. உன் அக்கா பேசுகிறாள், அது இன்னும் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்னைத் தூக்கப்போகிறார்கள். ரிட்டயர் ஆனவனுக்கு இந்தச் சங்கத்தை விட்டால் வேறு என்ன இருக்கு, சொல்லு? சோறு இறங்க மாட்டேங்குது. அதற்குள் 'எல்லாமே' என்பதை 'ஏதாவது ஒன்று' என்று மாற்றி என்னைக் காப்பாற்று.

குழந்தைகளுக்கு என் ஆசி. சகல பாக்கியமும், குழாய்த் தண்ணீரும், உங்களுக்கு நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
சுப்ரமணியன்,
ஞாயிறு வரை செயலாளர்.

பி.கு.: இதை உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அடுத்த வெள்ளி, பிரசவத்துக்கு வந்திருக்கும் நம் பெண் நிஷாவுக்கு வளைகாப்பு. "வர்றவங்க கை கழுவ வேணாமா?" என்கிறாள். சம்ப்பில் தரை தெரிகிறது. எதையும் மாற்றாதே. நம் வீட்டை மறுபடி சேர்த்துவிட்டேன். பதவி போனால் போகட்டும். வளைகாப்புக்குக் கனகவல்லியம்மாவையும் அழைத்திருக்கிறோம். குடத்தோடுதான் வருவாராம்.