பிங்கியின் பத்தியம் முறிந்தது குறித்துச் சம்பந்திக்கு

அரியலூர்,
6-4-2004, செவ்வாய்க்கிழமை.

திருமழபாடி உயர்திரு சம்பந்தி இராமலிங்கம் அவர்கள் சமூகத்துக்கு, அரியலூர் காசிநாதன் மரியாதை குறையாமல் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் சம்சாரம், உங்களுக்குத் தங்கச்சி முறையான சாந்தாவும், உங்கள் மாப்பிள்ளை சுரேஷ்குமாரும் சுகம். நாய் சுகமில்லை. அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மா சிந்தாமணி அவர்களும், மருமகள் ஜெயசுதாவும், எங்கள் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்தி விஷயத்தில் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடையாது. பிறந்து ஐந்தாம் மாதம் நடக்கிறது, இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன், அதிலும் ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்தாள்.

நிற்க. தாங்கள் வெள்ளிக்கிழமை எழுதிய கடிதம் கிடைத்தது. இதற்குப் போனில் பதில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போன் பண்ணினால் நீங்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரிசீவரைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவங்ககிட்ட கோவப்பட எனக்குத் தைரியம் கிடையாது. காயிதத்துல எழுதினா நடுவுல யாரும் குறுக்க பேச முடியாது பாருங்க.

தங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியில், "சொறிநாய் இருக்கிற வீட்டுக்குப் பச்சைக்குழந்தையை அனுப்ப மனசு வரவில்லை, அதைக் கொள்ளிடத்துக்கு அந்தாண்டை கொண்டுபோய் விட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள், மறுநாளே குழந்தையோடு வருகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். படிச்சதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. சம்பந்தி, அது யார் வூட்டு நாய்? கல்யாணத்து மறுநாள் பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஏத்திக்கிட்டு வந்த வேன்ல முன் சீட்டுல டிரைவர் பக்கத்துல ஜம்முனு உக்காந்து வந்தது யாரு? நாங்க கேட்டமா? உங்க சீர் லிஸ்ட்டுல இல்லாம வந்த ஒரே உருப்படி அதுதான். "ஜெயசுதா இல்லாட்டி பிங்கி வாயில தண்ணி கூட வைக்காது"ன்னு கண்ணு கலங்க ஏத்தி விட்டீங்க. சரின்னு வெச்சுக்கிட்டோம். அப்புறம் ஆவணியில வளைகாப்பு முடிச்சுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போனீங்களே, அன்னைக்கு ஒருத்தருக்காவது அந்தத் தண்ணி கதை ஞாபகம் வந்துச்சா? பொண்ணை ஏத்தினீங்க, வளையல் தாம்பாளத்தை ஏத்தினீங்க, மிச்சம் இருந்த தயிர் சாதத்தைக் கூட தூக்குல போட்டு ஏத்தினீங்க, நாயை மட்டும் என் வாசல்ல விட்டுட்டுப் போயிட்டீங்க. இன்னைக்கு அது உங்களுக்குச் சொறிநாய் ஆயிடுச்சு.

கார்த்திகை மாசம் ஆரம்பிச்சுது இந்தக் கூத்து. மொதல்ல முன்னங்காலை நக்கிக்கிட்டே இருந்துச்சு. ஏதோ முள்ளு குத்தியிருக்கும்னு நான் கண்ணாடி மாட்டிக்கிட்டு அரை நாள் தேடினேன், முள்ளு இல்ல. அப்புறம் காதை உதறுறது, மூஞ்சியைக் கோரைப்பாய்ல வெச்சுத் தேய்க்கிறது, மல்லாக்கப் போட்டுப் பாத்தா வயித்துல செவசெவன்னு தடிப்பு. பக்கத்து வூட்டு ராசாங்கம், லாரிப் பட்டறை வெச்சிருக்காரே, எட்டிப் பாத்துட்டு, "சார், இது சொறி. பட்டறையில வடிச்ச இன்ஜின் ஆயிலை ரெண்டு தடவை பூசினா போன எடம் தெரியாம போயிடும்"னாரு. அவர் சொன்ன தோரணையைப் பாத்து நானும் தலையாட்டித் தொலைச்சேன். வெள்ளை வெளேர்னு இருந்த சடை நாய், கல்யாண ஆல்பத்துல எடுத்துப் பாருங்க, அரை மணி நேரத்துல நனைஞ்ச கருப்பு ஆட்டுக்குட்டி மாதிரி ஆயிடுச்சு. பிடியை விட்டதும் நேரா வூட்டுக்குள்ள ஓடி, நீங்க சீரா குடுத்த இலவம்பஞ்சு மெத்தை மேல ஏறி நாலு பொரளு பொரண்டுது. இதை இத்தனை நாள் உங்ககிட்ட மறைச்சு வெச்சிருந்தேன், இனிமே எதுக்கு மறைக்கணும். எண்ணெயை நக்கி நக்கி ரெண்டு நாள் வாந்தி. சாந்தா பயந்துபோய் வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு அப்பினா, நாட்டு மருந்துக் கடையில கந்தகம் வாங்கித் தேங்கா எண்ணெயில கொழைச்சுத் தடவினா, நாறுன நாத்தத்துல உங்க மாப்பிள்ளை ஒரு வாரம் மொட்டை மாடியில படுத்தான். நமைச்சல் மட்டும் அப்படியே இருந்துச்சு.

பொங்கல் கழிச்சுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, உங்க மாப்பிள்ளை வயசு கூட இருக்காது, நாயைத் தொடறதுக்கு முன்னாடி என்னைத்தான் திட்டிச்சு. இன்ஜின் ஆயில் தோல் வழியாவும் உள்ள போவும், நக்கினாலும் உள்ள போவும், ஈரலே கெட்டுடும், படிச்சவரு நீங்க பண்ணலாமான்னு கேட்டுச்சு. அப்புறம் பிளேடால தோலை லேசா சொரண்டி மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்துட்டு, சொறிப் பூச்சி ஒண்ணு கூட இல்லைன்னு சொன்னுச்சு. சீப்பால வாரிப் பாத்துட்டு தெள்ளுப்பூச்சியும் இல்லைன்னுச்சு. "காலை நக்குது, காதை உதறுது, வயிறு செவந்திருக்கு, இது அலர்ஜி சார். சில பேருக்குக் கத்திரிக்கா ஒத்துக்காது பாருங்க, அதே மாதிரி. ஒட்டுவாரொட்டி கிடையாது. பச்சைக்குழந்தை பக்கத்துல படுத்தாலும் ஒட்டாது" அப்படின்னு, நல்லா கவனிச்சுப் படிங்க சம்பந்தி, பச்சைக்குழந்தைன்னு அந்தப் பொண்ணே தன் வாயால சொன்னுச்சு. அதை அன்னைக்கே போன்ல சொன்னேன். சம்பந்தியம்மா, "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, எல்லாம் உங்க ஊரு சிமெண்டுத் தூசு"ன்னு வெச்சுட்டாங்க. தூசைப் பத்தியும் நான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "தூசா, புல்லா, சாப்பாடாங்கறதை ஒவ்வொண்ணா கழிச்சுத்தான் பாக்கணும், மொதல்ல சாப்பாட்டைக் கழிப்போம்"னு சொன்னுச்சு.

எப்படிக் கழிக்கறதுன்னா, அது பொறந்ததுலேருந்து வாயில வைக்காத கறி ஒண்ணு, வாயில வைக்காத மாவுப் பண்டம் ஒண்ணு, உப்பில்லாம காரமில்லாம வேகவெச்சு அது மட்டும் அம்பத்தாறு நாள் குடுக்கணும். நடுவுல வேற ஒரு துணுக்கு உள்ள போனாலும் திரும்பவும் மொத நாள். "இது எதெல்லாம் சாப்பிட்டதில்ல?"ன்னு கேட்டாங்க. நானும் சாந்தாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கறோம். கோழி, ஆடு, முட்டை, கெளுத்தி, கருவாடு, இட்லி, அதிரசம், மாங்கா ஊறுகா வரைக்கும் ருசி பாத்த நாய் சம்பந்தி அது. உங்க வூட்டு வளப்பு. பின்னால நின்ன ஜனமெல்லாம் மாட்டைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்குது. கடைசியில மரவள்ளிக் கிழங்கும் முயல் கறியும்னு முடிவாச்சு. பெரம்பலூர் பக்கம் ஒருத்தர் முயல் பண்ணை வெச்சிருக்காரு, வாராவாரம் பஸ் ஏறிப் போய் நானே வாங்கியாறேன். நாய் முயல் கறி சாப்பிடுது, நான் மொளகு ரசம் சாப்பிடுறேன். இந்த அம்பத்தாறு நாளை ஒழுங்கா முடிச்சு, நமைச்சலை நிறுத்தி, நாயைக் குளிப்பாட்டி நிறுத்தி, அதுக்கப்புறம் உங்களை வரச் சொல்லி என் பேத்தியை வாசல்ல ஆரத்தி எடுத்துக் கூட்டிட்டு வரணும். நான் பட்ட பாடு அத்தனையும் இந்த ஒண்ணுக்காகத்தான்.

நான் முப்பத்திரண்டு வருஷம் ஓடற பஸ்ஸை நிறுத்தி டிக்கெட் கேட்டவன். யாரையும் நம்பறது என் தொழில்ல இல்ல. வூட்டுல எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு, இன்னையிலேருந்து பிங்கி பத்தியம், என் கையால தவிர யார் கையாலயும் ஒரு பருக்கை போவக்கூடாதுன்னு சொல்லிட்டேன். "பத்தியம், எதுவும் போடாதீர்"னு அட்டையில எழுதி அது கழுத்துல மாட்டினேன். அதுவரைக்கும் அதைத் திரும்பிக்கூட பாக்காத தெருவே, ஐயோ பாவம்னு நின்னு விசாரிக்க ஆரம்பிச்சுடுச்சு. பத்து நாள் ஆயும் நமைச்சல் குறையல. எங்கியோ ஓட்டைன்னு தெரிஞ்சுபோச்சு. பதினோராம் நாள் திடீர்னு சமையக்கட்டுக்குள்ள செக்கிங் போனேன், உங்க தங்கச்சி கையில பால் கிண்ணம். "பால் எப்படிங்க சாப்பாடாவும், அது குடிக்கறதுதானே?"ன்னு என்னையே கேக்குறா. போச்சு, மொத நாள். அடுத்த சுத்துல பத்தொம்பதாம் நாள் பாத்திரம் தேய்க்கிற அம்மாக்கண்ணு மாட்டினா. கழுவறதுக்கு முன்னாடி தட்டையெல்லாம் வரிசையா வெச்சு பிங்கியை நக்கவிட்டிருக்கா, அவளுக்குப் பாதி வேலை மிச்சமாம். திரும்ப மொத நாள். ரெண்டு பேரையும் உண்டு இல்லைன்னு பண்ணிட்டேன். சாந்தா ரெண்டு நாள் என்னோட பேசல, பேசாட்டி போறான்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் வூடே ஜெயில் மாதிரி ஆயிடுச்சு, ஒருத்தரும் ஒண்ணும் போடல, முப்பத்தெட்டு நாள் சுத்தமா ஓடுச்சு. அப்பவும் சொறிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்.

முப்பத்தொம்பதாம் நாள் நீங்க வந்தீங்க. உங்க ஊரு கோயில்ல நந்தி கல்யாணம் முடிஞ்ச கையோட பிரசாதம் எடுத்துக்கிட்டு, வேட்டி மடிப்புக் கலையாம வந்து இறங்கினீங்க. நான் உள்ள போய் காப்பி சொல்லிட்டு வர்றதுக்குள்ள, சம்பந்தி, அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள, ஒரு உருண்டை நெய்ப் பொங்கலும் ஒரு முழு உளுந்து வடையும் அது தொண்டைக்குள்ள போயிடுச்சு. கழுத்துல அட்டை தொங்குது. நீங்க பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவரு. "என்ன சம்பந்தி இப்படிப் பண்ணிட்டீங்க?"ன்னு கேட்டா, "சாமி பிரசாதம், எந்த உசுருக்கும் ஒண்ணும் பண்ணாது"ன்னு சிரிக்கறீங்க. நீங்க பொண்ணு குடுத்தவரு, வூட்டுக்கு வந்த மனுஷன். பல்லைக் கடிச்சுக்கிட்டு வாழையிலையில சாப்பாடு போட்டு அனுப்பி வெச்சேன். போயி மூணு நாள் ஆவல, "இன்னும் சொறியுதே, கொள்ளிடத்துக்கு அந்தாண்டை விட்டுடுங்க"ன்னு எழுதறீங்க. பத்தியத்தையும் முறிச்சுட்டு, நாய் சரியாவலைன்னும் சொன்னா என்ன ஞாயம்? நீங்க மட்டும் அந்த வடையைக் கையிலயே வெச்சுக்கிட்டிருந்தா அன்னையிலேருந்து பதினேழே நாள்ல என் பேத்தி என் வூட்டுல இருப்பா. அவ வராததுக்கு நாய் காரணமில்ல, தூசு காரணமில்ல, நீங்கதான் காரணம். தை மாசமே தொட்டில் கம்பி மாட்டியாச்சு. சாந்தா தெனம் அந்த வெறுந்தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போறா. எனக்கு என் பேத்தியைப் பாக்கணும் சம்பந்தி, வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அவளைத் தூக்கி வெச்சுக்கணும்.

ஆகவே முடிவாகத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், பிங்கியை நான் கொள்ளிடம் தாண்டி விடப்போவதில்லை. அது எங்கள் வீட்டில்தான் இருக்கும். என் பேத்தி இந்த வீட்டுப் படி ஏறுகிற வரைக்கும் நான் உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன், உங்கள் வீட்டில் ஒரு வாய் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன். இது சத்தியம்.

சம்பந்தியம்மா அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். ஜெயசுதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். பேத்தி நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க மாரியம்மன் காக்க வேண்டும். கோபத்தில் எழுதினாலும் எங்கும் மரியாதை குறையவில்லை, குறைந்திருந்தால் அது பேனாவின் பிழை.

இப்படிக்கு,
தங்கள் அன்பிற்குரிய சம்பந்தி,
மு. காசிநாதன்
செக்கிங் இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள ஒரு விஷயம் நடந்துபோச்சு. காலையிலேருந்து இதை எழுதிக்கிட்டே உக்காந்துட்டதால தெனம் பிங்கியோட போற டீக்கடைக்கு இன்னைக்கு நான் போகல. பிங்கி பாட்டுக்குத் தனியாப் போயிருக்கு. பத்து மணிக்குக் கடைக்காரர் தங்கராசு அதைக் கூட்டியாந்து சாந்தாகிட்ட, "சாருக்கு ஒடம்பு சரியில்லீங்களா? இது மட்டும் வந்து பெஞ்சுக்கடியில உக்காந்துடுச்சு. சார் தெனம் போடுற ரெண்டு பொறை பிஸ்கட்டைப் போட்டேன், அப்பவும் போவ மாட்டேங்குது" அப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. சாந்தா என்னையே பாத்துக்கிட்டு நின்னா. சம்பந்தி, டீ குடிக்கறவன் பக்கத்துல நிக்கற நாய்க்கு ஒரு பொறை வாங்கிப் போடறது எல்லாரும் பண்றதுதான். நானும் கார்த்திகைக்கு முன்னாடியிலேருந்து ஒரு நாள் விடாம போட்டிருக்கேன், அது சாப்பாடுன்னு சத்தியமா எனக்குத் தோணவே இல்ல.

சாயங்காலம் டாக்டரம்மாகிட்ட போனோம். பொறை மைதாவுல பண்றது, நமைச்சலுக்குக் காரணம் அதுவாவே இருக்கலாம், மறுபடியும் மொத நாள்லேருந்து ஆரம்பிங்கன்னாங்க. அப்புறம் சாந்தாகிட்ட, "நாய் வீட்டுலயே இருக்கட்டும்மா, சாரை ரெண்டு மாசம் எங்கியாவது அனுப்பி வைங்க"ன்னு சொன்னாங்க. விளையாட்டுக்குச் சொன்னாங்கன்னுதான் நெனைச்சேன். வூட்டுக்கு வந்ததும் சாந்தா என் பையில வேட்டி துண்டெல்லாம் எடுத்து வெச்சுட்டா. முயல் கறி வாங்கறதை உங்க மாப்பிள்ளை பாத்துக்குவான்.

ஞாயித்துக்கிழமை காலையில மொத பஸ்ல அங்க வந்து எறங்குறேன். சம்பந்தி வூட்டுல போய் அம்பத்தாறு நாள் தங்கறது ஊர்ல யாரும் பண்ணாத காரியம்னு எனக்குத் தெரியும், நீங்கதான் பெரிய மனசு பண்ணணும். மேல எழுதினதை மறுபடி எழுத வூட்டுல பேப்பர் இல்ல, அப்படியே அனுப்புறேன், பின்குறிப்பை மட்டும் சம்பந்தியம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. சாப்பாட்டுக்கு எனக்காக ஒண்ணும் மெனக்கெட வேணாம். பேத்தி என் மீசையைப் பாத்து மொதல்ல அழத்தான் செய்வா. அழட்டும், ரெண்டு மாசம் இருக்கே, பழகிடும்.