கப்பல் வந்த நாளில் பள்ளிக்கூடத்தை எடை போட்ட விவரம்

போர்ட் பிளேர்,
ஜூன் 1969.

1. இக்கடிதத்தில் கையொப்பமிடும் நான், அம்பாசமுத்திரம் தாலுகாவில் பிறந்து, திருநெல்வேலி கோர்ட்டில் சில காலம் வக்கீலாக அமர்ந்திருந்து (வாதாடியது குறைவு, அமர்ந்திருந்தது அதிகம்), தற்போது அந்தமானில் அரசு அலுவலகம் ஒன்றின் சட்டப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கும் ஜம்புலிங்கம், பி.ஏ., பி.எல்.

2. இதில் ‘தாங்கள்’ என்று வரும் இடமெல்லாம் என் மனைவி ருக்குவின் தமையனாரும், ஓய்வுபெற்ற ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டரும், பாளையங்கோட்டைவாசியுமான குருநாதன் அவர்களை மட்டுமே குறிக்கும். தங்கள் மனைவி விசாலாட்சி அம்மாளைக் குறிக்காது. ஆயினும் உறையைப் பிரித்து முதலில் படிப்பவர் அவர்களே என்பதை நான் அறியாதவன் அல்ல.

3. ‘பள்ளி’ என்பது, ஊரை விட்டு விலகி, எங்கள் குடியிருப்புக்கு மேலே மேட்டில் நிற்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. அதன் கட்டடமும், ஆசிரியர்களும், வர வேண்டிய ஆசிரியர்களும் இச்சொல்லில் அடங்குவர்.

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கு தாங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருப்பதாக, மறுப்புத் தகவல் ஏதும் வராதவரை, அனுமானித்துக் கொள்கிறோம்.

தங்கள் கடிதம் போன கப்பலில் கிடைத்தது. ‘மாப்பிள்ளை, சந்திரமதி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இனி விளையாட்டு இல்லை, அந்தத் தீவுப் பள்ளிக்கூடம் தேறுமா தேறாதா என்று தகப்பனாகப் பார்க்காமல் வக்கீலாகப் பார்த்துச் சொல்லுங்கள், தேறாது என்றால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுங்கள், பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால்கூட ஒரு பள்ளிக்கூட வாசலில்தான் விழ வேண்டும், எங்கள் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறோம்’ என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான யோசனை. பெண்ணின் எதிர்காலம் சம்பந்தப்பட்டது. ஆகவே ஏற்றுக்கொண்டேன். ருக்குவிடம் சொன்னபோது, “அண்ணன் கூப்பிட்டா அனுப்பிடுவீங்களா?” என்றாள். விசாரணைக்கு முன்பே தீர்ப்பைக் கேட்கிறாய் என்று எடுத்துச் சொன்னேன். பிறகு, தேறாது என்று முடிவானால் இடம் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று முன்னெச்சரிக்கையாகச் சந்திரமதி பெயரில் ஒரு பெர்த்தும் பதிவு செய்து, அதே கப்பலில் போகும் காண்ட்ராக்டர் கோவிந்தராஜ் குடும்பத்தைத் துணைக்கும் ஏற்பாடு செய்தேன். அன்று முதல் ருக்கு என்னுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். இதற்கு நான் முன்னெச்சரிக்கை எதுவும் எடுத்திருக்கவில்லை.

முதலில் சாட்சிகளை விசாரித்தேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், பள்ளி படுமோசம் என்றார். அவர் பையன் பெயில். காட்டிலாகா குமாஸ்தா ஒருவர், டில்லியில்கூட இப்படி ஒரு பள்ளி கிடையாது என்றார். அவர் பெண் பாஸ். மளிகைக் கடை உதயசூரியன் பரவாயில்லை ரகம் என்றார். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒருவன் பாஸ், மற்றவன் பெயில். சந்திரமதியின் சிநேகிதி பூங்கோதையின் தாயார், லாங் ஐலண்ட் என்ற பக்கத்துத் தீவிலிருந்து இங்கே குடிவந்தவர், அவர் மட்டும் பிள்ளையின் மார்க்கைக் கலக்காமல் பேசினார். “ஸ்கூலுக்கு என்னங்க கொறச்சல்? போன வருஷத்துத் தூஃபான்ல எங்க வீட்டுக் கூரையே பறந்துச்சு. ஸ்கூல் கூரை அப்படியே நிக்குது. இதுக்கு மேல என்ன பாக்கணும்?” என்றார். கருத்து வலுவானதே. ஆனால் அல்ஜீப்ராவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. எனவே நேரில் சென்று பார்வையிடுவது என்று தீர்மானித்தேன்.

முன்னறிவிப்புக் கொடுத்தால் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவார்கள் என்பதால் கொடுக்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை, வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. பார்வையிடச் செல்பவனுக்கு ஒரு தோற்றம் வேண்டுமென்று, கோர்ட்டை விட்டபின் தொடாமல் வைத்திருந்த கறுப்புக் கோட்டை எடுத்து அணிந்தேன். கடல் காற்றில் அது சுருங்கியிருந்தது, அல்லது நான் சுருங்காமல் இருந்தேன்; எது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஒரு கையில் குடை, மறு கையில் கேட்க வேண்டிய கேள்விகள் அடங்கிய ஃபைல். நனைந்த மேட்டில் ஏறும்போது ஒரு சங்கதியை மட்டும் கவனிக்கத் தவறினேன். அன்று காலையில்தான் மெட்ராஸ் கப்பல் வந்து சங்கு ஊதியிருந்தது. வெங்காயம் வந்துவிட்டது என்ற அளவில்தான் அதை நான் எடுத்துக்கொண்டேன். கப்பல் வந்த நாளில், வியர்த்து வழிய, கோட்டும் குடையுமாக மேடேறி வருகிற ஆளை இந்தப் பள்ளி என்னவென்று எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது.

தலைமையாசிரியர் தங்கையா வாசலிலேயே நின்றார். நாகர்கோவில்காரர். இங்கே வந்து வெகுகாலமாகி, பாதி பேச்சு இந்தியாகிவிட்டவர். கையில் சீவிய இளநீர். “ஆவோ சார், ஆவோ. ஜஹாஸ் ரொம்ப ஆட்டிச்சா? கப்பல்ல வாந்தி எடுத்தீங்களா? எடுத்திருந்தா நல்லது, இனிமே வராது. குடிங்க மொதல்ல.” நான் வாயைத் திறக்கும்போது அதில் இளநீர் இருந்தது. குடித்து முடிப்பதற்குள் என் குடையையும் ஃபைலையும் பியூன் வாங்கிக்கொண்டு போய் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். தலைமையாசிரியர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, “ஒன்பதாம் கிளாஸ் அந்தப் பக்கம். கணக்கு. எட்டாம் கிளாஸ் தீபாவளியிலேர்ந்து வாத்தியாருக்குக் காத்துக்கிட்டிருக்குதுங்க” என்று என் முழங்கையைப் பிடித்து நடத்திச் சென்றார். என் பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். மேலும், ரகசியமாகப் பார்வையிட வந்தவன் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பது முறையல்ல என்றும் அந்தக் கணத்தில் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

கதவைத் திறந்ததும் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. இரண்டாவது பெஞ்சில் சந்திரமதி. அவளும் எழுந்து நின்று, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், எல்லோரோடும் சேர்ந்து, “குட் மார்னிங், சார்” என்றாள். நான் யார் என்று ஏன் சொல்லவில்லை என்று மாலையில் கேட்டதற்கு, “நீங்கதானேப்பா சொல்வீங்க, சாட்சி கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும்னு. என்னை யாரும் கேக்கலையே” என்றாள். இதற்கு என்னிடம் ஆட்சேபணை இல்லை.

கணக்குப் புத்தகத்தை யாரோ என் கையில் கொடுத்தார்கள். திறந்த பக்கத்தில், ஓர் ஊரிலிருந்து ஒரு ரயில் புறப்படுகிறது, எதிர் ஊரிலிருந்து இன்னொரு ரயில் புறப்படுகிறது, எங்கே சந்திக்கும் என்று இருந்தது. படித்துக் காட்டினேன். பூங்கோதை எழுந்து, “சார், ரெண்டும் ஒரே லைன்லயா வருது?” என்றாள். ஆம் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். “அப்ப யாரு ஒதுங்கறது?” ரயில் ஒதுங்காது என்றேன். “ஒதுங்கலேன்னா கேப்டன் என்ன பண்ணிட்டிருக்கான்?” கேப்டன் இல்லை, டிரைவர் என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு வங்காளிப் பையன், ஸ்டேஷன் வந்ததும் கயிறு வீசுவது யார், லங்கர் எந்தப் பக்கம் போடுவார்கள் என்று கேட்டான். ரயிலுக்கு நங்கூரமே கிடையாது என்றேன். வகுப்பு என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. “ஃபிர் ருக்தா கைசே, சார்?” என்றான். அப்புறம் எப்படி நிற்கிறது? மைத்துனர் அவர்களே, தங்களைப் போன்ற ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் பெண் எடுத்தும், எத்தனையோ முறை ரயிலில் ஏறி இறங்கியும், அது எதனால் நிற்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தங்கள் பச்சைக்கொடியைப் பார்த்துக் கிளம்புகிறது, சிவப்புக்கொடியைப் பார்த்து நிற்கிறது என்றேன். கொடியைப் பார்த்து அத்தனை பெரிய இரும்பு நின்றுவிடுமா என்று பூங்கோதை கேட்டாள். அந்த வகுப்பில் ஒருவரும் ரயிலைப் பார்த்ததில்லை. பலர் பிறந்ததே இங்கேதான்.

சரி என்று ரயிலை அடித்துவிட்டுக் கப்பல் என்று மாற்றினேன். இங்கிருந்து ஒரு கப்பல் மெட்ராசுக்குப் புறப்படுகிறது. உடனே, “வெதரா, இஞ்சினா?” என்று பல குரல்கள். லேட்டுக்குக் காரணம் தெரியாமல் கணக்குப் போட முடியாதாம். கப்பல் சொன்ன நேரத்துக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. பலகை துடைத்துக் கொண்டிருந்த பெண்கூட.

அப்போது சந்திரமதி எழுந்தாள். “சார், நான் ஒண்ணு கேக்கறேன். இங்கேயிருந்து ஒரு பொண்ணு மெயின்லேண்டுக்குப் படிக்கப் போறா. போக நாலு நாள், வர நாலு நாள். காலாண்டு லீவு ஒரு வாரம், அரையாண்டு லீவு பத்து நாள். வருஷத்துக்கு எத்தனை தடவை வீட்டுக்கு வருவா?” நான் சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் வகுப்பு போட்டுவிட்டது. காலாண்டில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அரையாண்டில் வீட்டு வாசல் வரை வரலாம், உட்கார நேரமில்லை. ஆக, பெரிய லீவு ஒன்றுதான். “ஒரு தடவை, சார்” என்றாள் பூங்கோதை. “அதுவும் டிக்கெட் கிடைச்சா.” இன்னொரு குரல், “ஜஹாஸ் வந்தா” என்று திருத்தியது. யாரும் காகிதத்தைத் தொடவில்லை. விடை சரி. நான் அதைப் பலகையில் எழுதவில்லை.

மணி அடித்ததும் தலைமையாசிரியரிடம் சென்று, நான் ஆசிரியர் அல்ல, சந்திரமதியின் தகப்பனார் என்று முறைப்படி அறிவித்தேன். “தெரியும் சார். ஜன்னல் வழியா பார்த்தேன், பத்து நிமிஷத்துல புரிஞ்சுபோச்சு. கிளாஸ் சந்தோஷமா இருந்துச்சு, இருக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றார். பெயரைக்கூடக் கேட்காமல் பிடித்துத் தள்ளுவது ஏன் என்றேன். “கேட்டா யோசிப்பாங்க சார். யோசிச்சா ஜஹாஸ் கிளம்பறதுக்குள்ள இறங்கிப் போயிடுவாங்க. அதனால வந்தவுடனே இளநீ, பெட்டிய அலமாரில பூட்டு, நேரா கிளாஸ். கப்பல் போன அப்புறம்தான் அலமாரி திறப்போம். அதுக்குள்ள பசங்க மேல பாசம் ஒட்டிடும்.” உண்மையான கணக்கு ஆசிரியர் என்ன ஆனார் என்று கேட்டேன். அவரும் அன்றைய கப்பலில் வந்திருந்தாராம். கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நின்றபடி தீவைப் பார்த்தாராம். பிறகு இறங்கவே இல்லையாம். இது நான் பிறர் சொல்லக் கேட்டது.

இனி முடிவு. கணக்கு ஆசிரியர் இல்லை. விஞ்ஞானக் கூடத்தில் குடுவைகள் இருக்கின்றன. அவற்றில் ஊற்ற வேண்டியவை தவறுதலாக வடகோடித் துறையான திக்லிபூரில் இறங்கிவிட்டன. நூலக அறையில் தேங்காய் காய்கிறது. பிள்ளைகள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, இந்தியில் வளைத்து, மலையாளத்தில் நிறுத்துகிறார்கள். கூரை உறுதி, அது பாடம் நடத்தாது. வகுப்பு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பள்ளி காரணம் என்பதற்கு நேரடிச் சாட்சியம் இல்லை. என் சொந்த விருப்பு வெறுப்புகளைத் தள்ளிவிட்டுப் பார்க்கையில், பள்ளி தங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட தரத்தை எட்டவில்லை. எனவே சந்திரமதியை இந்தக் கப்பலில் அனுப்புகிறேன். இக்கடிதம் அவள் கையிலேயே வருகிறது. மெட்ராஸ் துறைமுகத்துக்கு முன்கூட்டியே வந்து நிற்கும்படி தனியே தந்தி கொடுத்திருக்கிறேன். பெட்டியில் ருக்கு முறுக்கு வைத்திருக்கிறாள். அது பேச்சை நிறுத்திய நிலையில் சுட்டது, சற்றுக் கடினமாக இருக்கும். குழந்தைக்குக் காலையில் எழுந்ததும் சூடாக ஏதேனும் வேண்டும். வேறு விசேஷம் இல்லை.

தங்களுக்கும் விசாலாட்சி அம்மாளுக்கும் எங்கள் நமஸ்காரம். வீட்டிலுள்ள சிறியவர்கள் அனைவருக்கும் வயதுக்குத் தக்கபடி ஆசீர்வாதம். எவரேனும் விடுபட்டிருந்தால் அவருக்கும் இது பொருந்தும்.

பின்குறிப்பு: துறைமுகத்துக்கு வர வேண்டாம் (இதற்கும் தந்தி கொடுக்கிறேன்). இதை இங்கே கப்பல் ஏறும் ஜெட்டியில் கோவிந்தராஜ் அவர்களின் பெட்டிமேல் வைத்து எழுதுகிறேன். சந்திரமதியின் பெட்டியைக் கூலிக்காரர் தூக்க வந்தார். அவர் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். மறு கைப்பிடி என் கையில் இருந்தது. அவர் இழுத்தார். நான் விடவில்லை. “சோடோ சாப், விடுங்க, கப்பல் கிளம்பும்” என்று பாதி இந்தியில் கெஞ்சினார். விட வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். இத்தனை நாள் பேசாதிருந்த ருக்கு, “தீர்ப்பு சரி. கைய எதுக்கு விடாம இருக்கீங்க, வக்கீல் சார்?” என்றாள். இக்கேள்வி என்னிடம் நேரடியாகக் கேட்கப்பட்டது. பெட்டியை என் பக்கம் இழுத்து வைத்தேன். எனவே மேற்கண்ட முடிவு முழுவதும் ரத்து செய்யப்படுகிறது.

இதைக் கொண்டுவருபவர் சந்திரமதி அல்ல, இறங்காமலே திரும்பும் கணக்கு ஆசிரியர். அவருக்கு ஊர் கோவில்பட்டியாம். முறுக்கும் அவரிடமே இருக்கிறது. பள்ளியைப் பற்றி அவர் குறை சொன்னால் நம்ப வேண்டாம். அவர் அதைப் பார்க்கவில்லை. புது ஆள் வரும்வரை, ஆபீசுக்கு முன்பாக ஒன்பதாம் வகுப்புக் கணக்கை நான் எடுப்பதாகத் தங்கையா அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் குடை இன்னும் அலமாரியில்தான் உள்ளது.

ரயில் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு வகுப்பு இன்னும் பதில் எதிர்பார்க்கிறது. தாங்கள் ஓய்வாக இருப்பதால், அடுத்த கப்பலில் நேரிலேயே வந்து சொன்னால் மகிழ்வோம். வரும்போது கோட்டு அணிந்து இறங்க வேண்டாம். அணிந்து இறங்கினால், தங்கள் பெட்டிக்கு நான் பொறுப்பல்ல.

இப்படிக்கு,
(ஒப்பம்) ஜம்புலிங்கம், பி.ஏ., பி.எல்.

சாட்சிகள்:
ருக்கு (பின்குறிப்பை மட்டும் படித்துக் கையொப்பமிட்டார்)
தங்கையா, தலைமையாசிரியர் (கப்பல் கிளம்பும்வரை ஜெட்டியை விட்டு நகர மறுக்கிறார்)
சந்திரமதி (மைனர்; கையொப்பம் செல்லாது என்று விளக்கிச் சொல்லப்பட்டது; இருந்தும் போட்டாள்)