பாலில்லாத சீஸ் குறித்து அக்காவிடம் ஒரு முறையீடு

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முப்பத்திரண்டு வருடம் பால் பண்ணைப் பரிசோதனைக் கூடத்தில் கலப்படம் பிடித்த கை, பொய் எழுத மறுக்கிறது. நலமில்லை.

போன மாதம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் ஈரத்துணியில் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டி. மோந்து பார்த்தேன். புளிப்பு இருக்கிறது, பால் வாசம் இல்லை. "என்னம்மா இது?" என்று மகளைக் கேட்டேன். "சீஸ்ப்பா." "எந்தப் பால்ல?" "பாலே கிடையாதுப்பா, முந்திரி." காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்குகிறேன் என்றவள், என்ன தொழில் என்று மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து ஒரு கண் வைத்தேன். ஒரு துண்டை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாளாகியும் ஒரு எறும்பு எட்டிப் பார்க்கவில்லை. எறும்புக்குத் தெரிகிறது அக்கா, வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை, தெருமுனை பேக்கரிக்காரர் ருசி பார்க்க வந்தார். அவருக்குப் பிடித்தால் வாராவாரம் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. மகள் நான்கு நாளாக அதற்காகத்தான் ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். பழைய பையிலிருந்து அயோடின் குப்பியை எடுத்து வந்து ஒரு சொட்டு விட்டேன். கட்டி கருநீலமாக மாறியது. "மாவு கலந்திருக்கு" என்று அறிவித்தேன். மகள் மெதுவாகச் சொன்னாள்: "நான்தாம்பா கலந்தேன். மரவள்ளி மாவு இல்லாம உருகாது. மேல ஒட்டியிருக்கிற அட்டையிலயே எழுதியிருக்கேன், படிங்க." படித்தேன். எழுதித்தான் இருந்தது. தன் குற்றத்தைத் தானே அச்சடித்து ஒட்டுகிற ஆளை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை, அதனால் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

மாவு போட்டும் உருகியதா என்றால், அதுவும் இல்லை. ரொட்டி மேல் வைத்துச் சூடாக்கினால் கட்டி வியர்த்ததே தவிர உருகவில்லை. "ருசி நல்லாத்தாம்மா இருக்கு. பால் ஒத்துக்காதவங்க தினமும் நாலு பேர் கேட்டுட்டுப் போறாங்க. உருக வச்சுட்டு சொல்லு, எடுத்துக்கறேன்" என்று பேக்கரிக்காரர் என் குப்பியைப் பார்த்தபடியே போய்விட்டார். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அக்கா, அந்த வியர்த்த ரொட்டியை உன் தம்பி மனைவி எடுத்துச் சாப்பிட்டாள். ஒன்றல்ல, மூன்று. "உனக்குத்தான் சீஸே பிடிக்காதே" என்றேன். "பிடிக்காதுன்னு யார் சொன்னா? பால் சம்பந்தப்பட்ட எதுவும் எனக்கு ஒத்துக்காது. வயித்தைப் புரட்டும்." "எப்பலேர்ந்து?" "கல்யாணம் ஆகி வந்தப்பவே." "சொல்ல வேண்டியதுதானே?" "நீங்க தினமும் பண்ணைப் பாலைப் பத்திப் பேசிக்கிட்டே சாப்பிடுவீங்க. எங்க சொல்றது?" லிட்டருக்கு ஒரு கரண்டி தண்ணீர் கலந்தாலும் கண்டுபிடிப்பேன். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளத் தெரியாமல், "உப்பு அதிகம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது மகள் பேசுவதில்லை. அவள் அம்மா தேவைக்கு மட்டும் பேசுகிறாள். நீ சொன்னால் இருவரும் கேட்பார்கள். உடனே புறப்பட்டு வந்து, இந்தத் தொழில் வேண்டாம், பழைய வேலைக்கே திரும்பிப் போ என்று அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் முழங்கால் வலி குறையட்டும்.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த தம்பி

பி.கு.: தபாலில் போட ஒரு மாதம் தாமதமாகிவிட்டது. நீ வர வேண்டாம். வந்தாலும் இங்கே உட்கார இடமில்லை, கூடம் முழுக்க ஜாடிகள். புளிக்கவைக்கிற சூட்டைப் பிள்ளை தப்பாக வைத்திருந்தாள். பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது, தெர்மாமீட்டரோடு நானும் இறங்கிவிட்டேன். ஆறு கட்டி வீண். ஏழாவது நேற்று உருகி, ஒரு விரல் நீளத்துக்கு இழுபட்டது. இதை நான் இன்னும் நம்பவில்லை. எட்டாவதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றேன். அதற்குள் அம்மாவும் மகளுமாக ஏழாவதைத் தின்று தீர்த்துவிட்டார்கள், எனக்கு ஒரு துண்டுகூட வைக்கவில்லை.