பெடல் துடிக்க வேண்டும்

மெத்தைக்கடை வாசலில் அடுக்கியிருந்த ஏழு மெத்தைகளுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு கார் நின்றது. மழை விடவில்லை. வைப்பர் மட்டும், நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

"இறங்கலாமா?" என்றாள் மனைவி.

"தாராளமா இறங்கலாம். ஒண்ணும் ஆகலை பாரு, மெத்தையிலதான் மோதியிருக்கு."

"பக்கத்துக் கடை என்ன கடைன்னு பார்த்தீங்களா?"

காரை ஓட்டி வந்த கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். இரும்புச் சாமான் கடை. வாசலில் கடப்பாரைகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன.

"பிரேக்கைத்தான் மிதிச்சேன். சக்கரம் நின்னுடுச்சு. வண்டிதான் நிக்கலை" என்றார் மெதுவாக.

மூக்குக் கண்ணாடி விற்பவருக்கு முன்னால் இருப்பது தெரியவில்லையா என்று மெத்தைக்கடைக்காரர் கேட்டதை இங்கே விட்டுவிடலாம். வீட்டுக்குப் போனதும் நடந்ததுதான் விஷயம்.

அந்தக் காருக்கு வயது இருபத்தேழு. கல்யாணத்துக்கு இருபத்தைந்து. அதனால் மனைவி அதைக் கார் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. "உங்க மூத்த சம்சாரம்" என்பாள். அன்றைக்கு என்று பார்த்து அவள் தம்பி வேறு சோபாவில் உட்கார்ந்திருந்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். புதுக்கார் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சாவியை விரலில் சுழற்றாமல் அவனுக்குப் பேச்சே வராது.

"என் வண்டியா இருந்தா இப்படி ஆகியிருக்குமா அக்கா? ஏ.பி.எஸ். இருக்கே! என்னதான் சடன் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்காது, வழுக்காது. காலுக்கடியில பெடல் கிர்ர்ர்ருனு துடிக்கும் பாரு, அந்தத் துடிப்புதான் அக்கா உயிருக்கு உத்தரவாதம்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். மூணு மாசமா அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அப்ப இதையும் கேட்டுக்குங்க. ஞாயித்துக்கிழமை தம்பி வந்து ஓட்டிப் பார்ப்பான். பெடல் துடிச்சா உங்க மூத்தவ இங்கேயே இருக்கட்டும். துடிக்கலைன்னா அன்னைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும். நானா அவளா, பார்த்துடலாம்."

கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறந்து, மூடினார்.

"பதில் சொல்ல ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கறீங்க?" என்றாள் மனைவி.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் மெக்கானிக்கிடம் ஓடினார்.

"இந்த வண்டிக்கா? ஏ.பி.எஸ்.ஸா?" மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சார், சக்கரம் சுத்துதா நிக்குதான்னு பார்க்க ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கண்ணு வேணும்."

"கண்ணு விஷயத்தை என்கிட்ட விடுங்க."

"அந்தக் கண்ணு இல்ல சார். பார்த்ததை அது மூளைக்குச் சொல்லணும். மூளை பம்புக்குச் சொல்லணும். உங்க வண்டிக்கு மூளையே கிடையாது."

"என்னங்க இது, இருபத்தேழு வருஷமா என்னைச் சுமந்துக்கிட்டிருக்கு!"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

கண்ணாடிக்கடைக்காரர் விடவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு வேனிலிருந்து கழற்றிய ஏ.பி.எஸ். பெட்டியைத் தேடிப் பிடித்து, பச்சைக் குழந்தையைப்போல் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"வேனுக்கு ஆகறது காருக்கு ஏன் ஆகாது? எங்க கடையில அப்பா கண்ணாடியைப் பிள்ளைகள் போட்டுக்கிட்டுப் போகலையா?"

"போட்டுக்கிட்டுப் போறவங்க எங்கே போய் முட்டறாங்கன்னு நீங்க பார்த்தீங்களா?" என்று மெக்கானிக் முனகினார். ஆனாலும் இருபது வருட வாடிக்கையாளராயிற்றே. இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்து, குழாயை வளைத்து, ஒயரை இழுத்து, பெட்டியை மாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டியைத் தெருவுக்கு எடுத்தார்கள். பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஓடியது. காலை எடுத்தால் ஹாரன் அடித்தது.

"பெடல் துடிக்குதா?" என்று மெக்கானிக் வெளியிலிருந்து கத்தினார்.

"எனக்குத்தான் துடிக்குது!"

"பின்சக்கரத்துல கண்ணு வைக்க வழியில்ல சார். அதனால பின்னாடி இருக்கிற ரெண்டு சக்கரமும் திருடு போயிடுச்சுன்னு பெட்டி நினைச்சுக்கிட்டிருக்கு."

"அதுக்கு யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

மெக்கானிக் ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொன்றில் சேர்த்தார். வைப்பர் நின்றது. ஹாரன் நின்றது. காரும் நின்றது. நட்டநடு ரோட்டில், நான்கு சக்கரத்தையும் ஒரேயடியாகக் கவ்விக்கொண்டு நின்றது. ஐந்து பேர் சேர்ந்து தள்ளியும் அங்குலம் நகரவில்லை. பின்னால் சிமென்ட் லாரி வந்து உறுமியது.

"யோவ், வண்டியை எடுய்யா!"

"பிரேக் பிடிச்சிருக்குங்க!"

"பிடிச்சிருந்தா வீட்ல வெச்சுக் கொஞ்சு! ரோட்ல எதுக்கு?"

நிற்கவில்லை என்று வந்த வண்டி இப்போது நகரவில்லை. கடைசியில் அந்த லாரி டிரைவரே இரக்கப்பட்டுக் கயிறு கட்டி இழுத்து, பட்டறைக்குள் கொண்டுவந்து விட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், உங்க பெட்டியைக் கழட்டிட்டேன். பழைய பிரேக்கை அப்படியே திருப்பி மாட்டி, பத்து தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். அது தங்கம். அன்னைக்கு வழுக்கினதுக்குக் காரணம் டயர். உங்க வழுக்கைத் தலையும் டயரும் ஒண்ணு, ரெண்டுலயும் ஒண்ணுமில்ல. டயரை மாத்திட்டேன், தலைக்கு நான் பொறுப்பில்ல. இனிமே மழையில விடுங்க, கோடு போட்ட மாதிரி நிக்கும்."

"நின்னா போதாதே! பெடல் துடிக்கணுமே! துடிக்கலைன்னா நாளைக்கு வண்டி போயிடும்."

கண்ணாடிக்கடைக்காரரின் குரல் உடைந்துவிட்டது. பட்டறை மூலையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒயர்காரர் தலையைத் தூக்கினார். வண்டிகளுக்கு மின்சார வேலை பார்ப்பவர், அதிகம் பேசாத மனிதர்.

"துடிச்சா மட்டும் போதுமா சார்?"

"போதும்."

"வீட்ல கால் பிடிச்சுவிடற மசாஜ் மெஷின் இருக்கா?"

இருந்தது. மனைவியின் முட்டிவலிக்கு வாங்கியது. கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்குப் பறந்தார். அலமாரியிலிருந்து மெஷினை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டப் போகையில், மனைவி எதிரே வந்தாள்.

"என்ன இது, வயிறு இப்படி உப்பியிருக்கு?"

"காலையில கொஞ்சம் அதிகமா சாப்பிட்டுட்டேன்."

அவசரத்தில் கை எங்கேயோ பட்டுவிட்டது. சட்டைக்குள் கிர்ர்ர்ர் என்றது.

"ஐயையோ, சத்தம் வேற போடுதே!"

"செ... செரிமானம் ஆகுது." பல்லெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"கல்லைத் தின்னாக்கூட இப்படியா செரிக்கும்? ஒரு சோடா குடிங்க!" என்று அவள் கத்தியபோது அவர் தெருமுனையில் இருந்தார்.

ஒரே மணி நேரம். பிரேக் பெடலின் பின்பக்கம் அந்த மெஷினின் மோட்டார் உட்கார்ந்துகொண்டது. அழுத்தி மிதித்தால் மட்டும் துடிக்கும்படி ஒரு சுவிட்ச். "பிரேக்கோட இதுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்றார் ஒயர்காரர். மிதித்துப் பார்த்த கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளிக்கூட மைதானத்தில் முதல்நாள் மழையின் ஈரம் காயவில்லை. மைத்துனன் ஓட்டுநர் இருக்கையில், கண்ணாடிக்கடைக்காரர் பக்கத்தில், மனைவி பின்னால்.

"கெட்டியாப் பிடிச்சுக்க அக்கா. மாமா, உங்களை ஏமாத்திப் பொம்மை எதையாவது மாட்டிவிட்டிருந்தா என் காலுக்குத் தெரிஞ்சுடும். இது பழகின கால்."

"சரி மாப்ளே" என்றார் அவர்.

கார் வேகம் எடுத்தது. மைதானச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. மைத்துனன் ஓங்கி மிதித்தான்.

கிர்ர்ர்ர்ர்!

கார் இம்மியும் விலகாமல் நேராக நின்றது.

மைத்துனன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா தம்பி?"

"அசல்" என்றான் அவன். "அசல் ஏ.பி.எஸ். அக்கா. அப்படியே என் வண்டி மாதிரியே இருக்கு!"

கண்ணாடிக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். ஆனால் கிர்ர்ர் நிற்கவில்லை. மைத்துனன் பெடலிலிருந்து காலை எடுத்தான், நிற்கவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். அப்போதும் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

மனைவி முன்பக்கம் குனிந்து காதைத் தீட்டினாள். "ஏங்க, இந்தச் சத்தம் என் முட்டிக்குப் பழக்கமான சத்தமா இருக்கே? நேத்துலேர்ந்து என் மெஷினைக் காணோம்..."

கண்ணாடிக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்தேழு வருஷம் கண்முன்னால் இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, சும்மா இரு!" மைத்துனன்தான் குறுக்கே பாய்ந்தான். "வண்டியைப்பத்தி உனக்கென்ன தெரியும்? இது தன்னைத்தானே சோதிச்சுப் பார்த்துக்குது. உயர்ந்த ரகத்துல மட்டும்தான் இப்படி இருக்கும். என் வண்டியிலகூட வாரத்துல ரெண்டு நாள் இப்படிப் பண்ணும்."

"நிஜமாவா?"

"இன்சூரன்ஸ்காரன் பொய் சொல்வானா அக்கா?"

அவள் இருக்கையில் சாய்ந்துகொண்டாள். "தம்பியே சொல்லிட்டான், அப்புறம் என்ன! உங்க மூத்தவ பிழைச்சுப் போகட்டும். ஆயுசு கெட்டி."

கண்ணாடிக்கடைக்காரருக்கு மைத்துனனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மூன்று மாதமாக அவனைப்பற்றி மனசுக்குள் சொன்ன எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒயர்காரர், சுவிட்சில் ஒரு ஒயர் சரியாக ஒட்டவில்லையே என்ற கவலையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்தைத் தாண்டி ஓடிவந்தார். மூச்சிரைக்கக் கதவைத் திறந்தவர், ஓட்டுநர் இருக்கையில் இருந்தவனைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து போனார்.

"அட, நீங்களும் இங்கேதான் இருக்கீங்களா சார்! உங்க புதுவண்டி பெடலுக்கு அடியில மாட்டினோமே உங்க வீட்டம்மாவோட மசாஜ் மோட்டார், அதுவாவது மிதிச்சா மட்டும் துடிக்குதா, இல்ல அதுவும் இப்படித்தான் நிக்காம ஓடுதா?"