காற்றில் ஆறும் கார்

போடி ஏலக்காய் வியாபாரி பலவேசத்துக்குத் தொண்டையில் சோறு இறங்கி ரெண்டு மாசமாச்சு. சின்னமனூரில் அண்ணன் வீட்டுக்குப் போன பெண்டாட்டி சுகிர்தம், போனவள் போனவள்தான். சண்டைக்குக் காரணம் ஒரு இன்ஜின் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் அண்ணன் ஞானதுரையின் கார் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற ரகம். எஸ்டேட் துரையிடம் பலவேசம் வாங்கியதோ காற்றிலேயே ஆறிக்கொள்ளும் கார். தண்ணீர் ஊற்ற ரேடியேட்டரே கிடையாது. மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"உங்க அண்ணன் வண்டி கிணத்துக்குக் கிணறு நின்னு கெஞ்சுது. என் வண்டியும் சரி, நானும் சரி, உங்க வீட்டு வாசல்ல தண்ணின்னு நிக்கமாட்டோம்."

"நிக்கிற அன்னைக்கு வர்றேன்" என்று சுகிர்தம் பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

வீடு வெறிச்சோடிப்போனது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே பேச ஆளில்லை. ஒருநாள் அவர் இன்ஜின் பெருமையைக் காரிடமே அளந்துகொண்டிருந்ததை எதிர்வீட்டு சோணையம்மாள் பார்த்துவிட்டு, பாவம் என்று ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினாள். பலவேசத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுது முடித்ததும் யோசனை பிறந்தது. வண்டி சூடேறிவிட்டது என்று சின்னமனூர் வாசலில் போய் நிற்பது. தண்ணீர் கேட்பது வண்டிதானே, தன் மானம் தப்பித்தது. பொம்பளைக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியப்போகிறது?

போய் நின்றார். கேட்டார். சுகிர்தம் நிறைகுடத்தோடு வந்தாள்.

"எங்கன ஊத்தணும்? காட்டுங்க."

பலவேசம் இன்ஜின் மூடியைத் திறந்தார். இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார். ஊற்ற இடம் இருந்தால்தானே காட்டுவதற்கு?

"தினமும் சோத்துல கை காயக் காய இந்த இன்ஜின் கதையத்தான சொன்னீக? சூட்டுல தண்ணி பட்டா சிலிண்டர் விரிசல் விட்ரும்னு வேற சொன்னீக. கேக்க என்னைய விட்டா யாரு இருந்தா?"

அவருக்குத் தலை நிமிரவில்லை. "தண்ணி வண்டிக்கில்ல, சுகிர்தம். எனக்குத்தான்."

அவள் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு, வர்றேன் என்றாள். உள்ளே போய்ப் பெட்டியையும் எடுத்துவந்தாள். பலவேசம் சந்தோஷமாக ஓடிப்போய் முன்கதவைத் திறந்துபிடித்தார்.

சுகிர்தம் நேராக அண்ணன் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் அண்ணனும் முன்னால போறோம். நீங்க நல்லா ஆறவிட்டு மெதுவா வாங்க. வண்டி சூடா இருக்குன்னு நீங்கதான சொன்னீக?"